அக்கா எழுதின குப்பை

வலைப்பூவுக்கு எந்த மென்பொருள் நல்லதுன்னு யாராவது பேச்செடுத்தா இப்பவும் எனக்குக் குமட்டிக்கிட்டு வருது.

ஆரம்பிச்சு வச்சது என் கொழுந்தன். கொழும்புல கம்ப்யூட்டர் வேலை, வாயைத் திறந்தா மூடத் தெரியாது. வடக்குல சண்டை மறுபடி மூண்ட நேரம் அது. நான் மாத்தளையில அரசாங்க ஆபீஸ் ஒண்ணுல கிளார்க். வீட்டுக்கு வந்தா ஒரு இலவச வலைப்பூவுல சமையல், இரத்தோட்டை பஸ்ல கேட்ட வாய்ச்சண்டைன்னு எதையாவது எழுதுவேன்.

"என்னங்க அண்ணி, ஓசி இடத்துல குந்திக்கிட்டு? சொந்தமா ஒரு தளம் போட்டுத் தாறேன்"னான்.

ரெண்டு மென்பொருளைக் காட்டினான். ஒண்ணு பார்க்க மூஞ்சி செத்துப்போயிருந்துச்சு. ஆனா யார் என்ன பதில் எழுதினாலும் அப்படியே பக்கத்துக்குக் கீழ வந்து விழும். மத்தது கல்யாண வீடு மாதிரி ஒரே ஜோடனை. விளம்பரம், கிறுக்கல்னு வர்ற குப்பையை அதுவே வடிகட்டுமாம்.

"எனக்கு ஜோடனை வேணாம். அக்கா எழுதுறது வரணும், அவ்வளவுதான்"னேன்.

எழுபத்தேழு கலவரத்துல அடிபட்டு, அத்தானோட குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வடக்க வன்னிக்குப் போயிருந்துச்சு. கல்யாணம் கட்டி அக்காவும் அங்கதான் இருந்தா. பாதை மூடியாச்சு, போன் கிடைக்கல, கிடைச்சாலும் ஆமிக்காரன் ஒட்டுக்கேட்பான்னு பேசப் பயம். அங்க ஒரு கடையில இருந்த கம்ப்யூட்டர்ல உக்காந்து, நான் எழுதுறதுக்குக் கீழ பதில் போடுவா. "கொரக்காப் புளியும் போட்டுத் தக்காளியும் எதுக்குடி, அது மீன்குழம்பா ரசமா?" அதைப் படிச்சாத்தான் அவ உசிரோட இருக்கான்னு எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடையில இருந்தது பழைய பாமினி எழுத்து. அதுல தட்டினா என் திரையில இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிவிட்ட மாதிரித்தான் தெரியும். 'தங்கச்சி'ங்கிறது jq;fr;rpன்னு வரும். நான் எடுத்து எழுத்துருவை மாத்தி வாசிச்சுக்குவேன். இதைக் கொழுந்தன்கிட்ட விளக்கிச் சொன்னேன். "தெரியும் அண்ணி, தெரியும்"னு தலையாட்டினான். ஆனா அந்த ஜோடனைக்காரியத்தான் தளத்துல பூட்டிட்டுப் போனான்.

அதுக்கப்புறம் அக்காகிட்டயிருந்து ஒரு சொல் இல்ல. கிளிநொச்சிப் பக்கம் குண்டு விழுதுன்னு ரேடியோ சொல்லுது. எனக்குச் சோறு இறங்கல.

அடுத்த தடவை வந்தவன், டீயை உறிஞ்சிக்கிட்டே பெருமை பேசினான். "பாத்தீங்களா அண்ணி, ஒரு குப்பை வந்துச்சா? எவனோ விடாம வந்து கிறுக்கினான். எல்லாத்தையும் அழிச்சு, அந்தக் கம்ப்யூட்டர்லயிருந்தே எதுவும் வராம அடைச்சிட்டேன்."

"என்னன்னு கிறுக்கினான்?"

வர்ற பதில் எல்லாம் அவனோட ஈமெயிலுக்கும் போகுமாம், அதுல ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. திறந்து காட்டினான். முதல் சொல்லே jq;fr;rp.

"ஐயோ அண்ணி... ஆனா யூனிகோட் வந்து எவ்வளவு காலம், இன்னுமா இதுல எழுதுறாங்க?"ன்னான். சீ! மனுசனா இவன்? செல்லுக் குண்டு விழுற இடத்துல இருந்து எழுதுறவ, இவன் வசதிக்கு எழுத்தையும் மாத்திக்கிட்டு வரணுமாம். அந்த டீயைப் பிடுங்கி மூஞ்சியில ஊத்தியிருக்கணும். அன்னைக்கு எனக்குக் கை வரல.

எழுத்துருவை மாத்தினேன்.

"தங்கச்சி, நான் எழுதுறது ஒண்ணையும் நீ போடுறதில்ல. இந்தப் பக்கத்து ஆளோட பேச்சு இருந்தா அரசாங்க வேலையில இருக்கிற உனக்கு அங்க கரைச்சல்தான், எனக்கு விளங்குது. கோவம் இல்லடி. இனிமே எழுதமாட்டேன். நீ கவனமா இரு."

அடைப்பை அன்னைக்கே எடுக்கவச்சேன். "அக்கா, எழுது"ன்னு முகப்புல பெருசாப் போட்டேன். சண்டை முடிஞ்சு, ஜெயிச்சாச்சுன்னு எங்க ரோட்டுல பாற்சோறு குடுத்த அன்னைக்கும் அது அப்படியேதான் இருந்துச்சு. கீழ ஒரு பதிலும் இல்ல.