முதல் கரண்டி சாருக்கு

ஜெயிலிலிருந்து வந்ததும் கரமனையில் தங்கை வீட்டில் ஒதுங்கினேன். நான் துபாயில் இருந்ததாக அவள் புருஷன் தெருவில் ஏற்கெனவே கதை கட்டியிருந்தான். குடும்ப மானம் போகக் கூடாதே, அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பொய்யைச் சுமக்க வேண்டியவன் நானல்லவா? எதிர்வீட்டுக்காரர் "அங்க சூடு எப்படி?" என்று கேட்டால், கடலே தாண்டாதவன் என்ன சொல்வது? வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டேன். அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் மிச்சமிருந்த இடம் எனக்கு.

அதனால்தான், விடுதலையானவர்களுக்குச் சமையல் வேலை கற்றுத்தரும் வகுப்பு ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினேன். முடிவில் ஓட்டல்காரர்கள் வந்து சமைக்கச் சொல்லிப் பார்த்து ஆள் எடுப்பார்கள். வித்துராவில் ஒரு ஓட்டலில் வேலையோடு தங்க இடமும் உண்டாம். எனக்கு அந்த இடம்தான் வேண்டும். பொன்முடி மலைக்குப் போகிறவர்கள் சாப்பிட இறங்குகிற ஊரில் என்னிடம் துபாயைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

ஜெயிலிலும் நான் அடுக்களையில்தான் இருந்தேன். வெட்டுவதிலும் பெரிய பாத்திரம் இறக்குவதிலும் என்னை அடிக்க அந்த வகுப்பில் ஆளில்லை. ஆனால் கற்றுக்கொடுத்த மலையாளத்து அக்கா, எங்களுக்குச் சேச்சி, முதல் நாளே என் குறையைக் கண்டுபிடித்துவிட்டார். ஓட்டல்களில் வெந்து வந்தவர், வாய் கொஞ்சம் காரம்.

"அண்ணா, ருசி நோக்காம எறக்கி வெச்சா எப்படி? ஒரு துளி கையில விட்டுப் பாக்கணும், கேட்டோ?"

காதில் விழுந்தது. கைதான் வாய்க்குப் போகவில்லை. ஜெயிலில் சமைக்கிறவன் வாய் வைக்கக் கூடாது. உப்பைக்கூட அளந்து தருவார்கள், அப்படியே போட வேண்டியதுதான். இறக்கியதும் முதல் கரண்டி காவலுக்கு நிற்கும் சாருக்கு. அவர் நாக்கில் வைத்துத் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்குச் சோறு. ஒருமுறை விரலை நக்கிவிட்டு நான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

வித்துரா முதலாளி வந்த அன்று எனக்குச் சாம்பார். உப்பு அளந்து தர ஆளில்லை, கை போன போக்கில் போட்டேன். கொதித்ததும் சேச்சி தூரத்திலிருந்து ருசி பார்க்கும்படி சைகை காட்டினார். நான் கிண்ணத்தில் ஒரு கரண்டி ஊற்றி, நேரே முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கை கட்டித் தலைகுனிந்து நின்றேன். இத்தனைக்கும் நான் தப்பாக எதுவும் செய்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

"என்னடோ, உப்பே இல்லியே! நீ ருசி பாக்கலியா?"

"மொதல்ல சார் பாக்கணும்லா" என்றேன்.

கூட இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஜெயில் சோறு சாப்பிட்டு வந்தவர்கள். முதலாளி கெட்டவர் இல்லை, ஒரு கரண்டியை என் கையில் கொடுத்தார்.

"இங்க சார் ஒருத்தரும் இல்ல. பாத்துட்டு நீயே சொல்லு, என்ன வேணும்?"

குடித்தேன். வாயில் சூடு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"சார் சொல்றபடி போட்டுரலாம்."

அவர் பெருமூச்சு விட்டார். தேங்காய் போட்டுத் தோரன் பொரியல் செய்தவனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வயிறு எரிந்தது, அவன்மேல் அல்ல, என் நாக்கின்மேல்.

"அடுத்த மாசம் வேற ஓட்டல் வரும்" என்றார் சேச்சி. "அதுவரைக்கும் வீட்டுல தின்னுறது எல்லாத்தையும் ருசிச்சு, வாய்விட்டுச் சொல்லிப் பழகணும்."

பழகினேன். ஒவ்வொரு வாயையும் மெதுவாக மென்றேன். பல நாள் ஒன்றும் புரியவில்லை. ஒரு மத்தியானம் தங்கை ஊற்றிய புளிக்குழம்பை வாயில் வைத்ததும் சுள்ளென்று உறைத்தது: உப்பு கூடுதல், வெந்தயம் கருகியிருக்கிறது. எனக்கே தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சொல்லிவிட நிமிர்ந்தேன்.

பக்கத்தில் அவள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேலை எப்போது கிடைக்கும் என்று காலையில்தான் கேட்டிருந்தான். தங்கை கரண்டியோடு நின்றாள்.

"எப்படிண்ணே இருக்கு கொழம்பு?"

"நல்லாருக்கும்மா" என்றேன்.

அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதையும் சாப்பிட்டேன்.