எனக்கில்லாத சுகர்

எனக்குச் சுகர் இல்லை. ஆனால் எங்கட வெள்ளவத்தை ஃப்ளாட்டில ஆரைக் கேட்டாலும் எனக்குச் சுகர் எண்டுதான் சொல்லுவினம். அப்பிடிச் சொல்லி வைச்சது என்ர மனிசி. ஆஸ்பத்திரியில இருந்து மெலிஞ்சு, கறுத்து வந்த மனிசனுக்கு ஒரு வருத்தத்தின்ர பேர், ஏதோ ஒரு நோயின்ர பேர் வேணும்தானே. குடி எண்டு சொல்ல ஏலுமே? மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

பொரளை ஆஸ்பத்திரியில என்னைப் பார்த்த டொக்டர் வளைச்சுக் கதைக்கிற ஆளில்லை. "நடந்தால் குடி விட்டுப்போகும் எண்டு நினைக்காதேங்கோ. தாற குளிசை மருந்தை விடாதேங்கோ, கிளினிக்குக்கும் வாங்கோ. ஆனால் குடிக்கச் சொல்லி மனம் இழுக்கிற நேரத்தில வீட்டுக்குள்ள இராதேங்கோ, வெளியில நடவுங்கோ" எண்டார். எனக்கு அந்த நேரம் பின்னேரம் ஆறு மணி. வாய் காய்ஞ்சு, ஆரைக் கண்டாலும் எரிஞ்சு விழுவன். அதால ஆறு மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடலோர றோட்டான மெரின் டிரைவில இறங்கினன். முதல் கிழமை பம்பலப்பிட்டியை எட்ட முதலே கெண்டைக்கால் பிடிச்சு, மதிலோட சாய்ஞ்சு நிண்டு, திண்டதெல்லாம் வெளியில வரச் சத்தி எடுத்தன். விசர் வேலை எண்டு டொக்டரைத் திட்டினன். ரெண்டாம் மாசம்தான் ஒழுங்கா நித்திரை வந்தது.

கீழ் மாடிக்காரரும் என்னோட நடந்தார். பென்சன் எடுத்த எஞ்சினியர், உண்மையான சுகர்காரர். "தம்பி, உமக்கு இண்டைக்கு எவ்வளவு?" எண்டு ஒவ்வொரு நாளும் கேட்பார். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லுவன். நல்ல மனிசன். அவர் வந்து பெல் அடிக்காட்டி அரைவாசி நாள் நான் வெளிக்கிட்டிருக்க மாட்டன்.

ஆறாம் மாசம் அவரின்ர மகன் கனடாவில இருந்து வந்தான். ஞாயிறு மத்தியானம் மொட்டை மாடியில சாப்பாடு. ஆம்பிளையள் பக்கம் போத்தில் திறந்தினம். "எனக்கு வேண்டாம், சுகர்" எண்டன்.

"பியர்தான் தம்பி கூடாது. விஸ்கியில சீனி இல்லை. நானே எடுக்கிறனான்" எண்டு அவர் கிளாசைக் கையில திணிச்சார்.

சுகரைச் சொல்லித் தப்ப வழியில்லை. உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவும் இல்லை. சுத்திவர இருந்தது முழுக்க மனிசி சொன்னதை நம்பின சனம். குடிச்சன். ஒண்டோட நிக்கேல்லை. அண்டைக்கு நான் எடுத்த சத்தியை மனிசிதான் துடைச்சாள்.

அடுத்த நாள் பின்னேரம் நடக்கேக்க வெட்கம் தாங்கேலாமல் அவரிட்டைச் சொன்னன். "ஐயா, எனக்குச் சுகர் இல்லை. நான் குடிச்சு அழிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தவன்."

அவர் அப்பிடியே நிண்டிட்டார். "முதலே சொல்லியிருக்கலாமே ராசா" எண்டு என்ர கையைப் பிடிச்சார். "நாளைக்கும் வருவன். விடமாட்டன்" எண்டார். எனக்கு அழுகை வந்திட்டுது.

அந்தச் சந்தோசத்தில வீட்டை வந்து மனிசிக்கும் சொன்னன். கதிரையில இருந்தவள் எழும்பிப் போய் வெளிக்கதவைச் சாத்தினாள்.

"நேற்றுக் குடிச்சதை ஒரு நாள் விருந்தெண்டு சொல்லி நான் எப்பிடியும் மறைச்சிருப்பன். நீங்களே வாயால சொன்னதை எப்பிடி மறைக்கிறது?" எண்டாள். "மகளின்ர கலியாணப் பேச்சுக் குழம்பிப்போகும். இனி அவரோட நடக்கப் போகவேண்டாம்."

அடுத்த நாள் ஆறு மணிக்கு அவர் வந்து பெல் அடிச்சார். மனிசி கதவைக் கொஞ்சமாத் திறந்து, "இவருக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார்" எண்டாள். நான் அறைக்குள்ள சப்பாத்தோட இருந்தன். வாய் காயத் தொடங்கியிருந்தது.