ஜாக்கெட்டில் தொங்கிய விசில்

பழவேற்காட்டில் படகேறிக் கடல் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. திருத்தணி மலையைத் தவிர எங்கேயும் போகாதவள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. படகுக்காரர்கள் தரும் கிழிசலில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், சொந்தமாகவே இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு விசில் தொங்கியது. தண்ணீரில் விழுந்தால் ஊதிக் கூப்பிட வேண்டுமாம்.

கடல் இரைச்சலிலும் கேட்கும் என்ற விற்றவன் பேச்சை யார் நம்புவது? எங்கள் வீட்டுக் கூடத்தில் விசைத்தறி ஓடுகிறது. பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. தறியை ஓடவிட்டு, அவளைத் தோட்டத்துப் பக்கம் அனுப்பி ஊதச் சொன்னேன். தெளிவாகக் கேட்டது.

மூச்சிரைக்க ஓடி வந்தாள். "கேட்டுச்சாங்க?"

"ஆங், நல்லா கேட்டுச்சு."

"அப்ப கடல்லயும் கேக்கும்."

போவதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டாள். டாக்டர்களும் கைவிரித்துவிட்டார்கள். உள்ளறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காதென்று, விசிலைக் கழற்றி அவள் தலைமாட்டில் கட்டினேன். அவள் ஊதினால் தறியை நிறுத்திவிட்டு ஓடுவேன்.

நேற்று வெகுநேரமாக விசில் வரவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு தறி ஓட்டினேன். நூல் அறுந்து தறி நின்றபோது உள்ளே எட்டிப் பார்த்தேன்.

விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் வரவில்லை.