சாமிக்கு ஒரு கரண்டி போதும்

கோயில் சோற்றைக் குறைத்தவன் நான்தான்.

மழை இல்லை, வரும்படி இல்லை, கமிட்டி கூடி முடிவெடுத்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்பாதீர்கள். கமிட்டியின் வாயில் அந்த முடிவை ஊட்டியவன் நான். அதுவும் எதற்காக? அம்மன் கொடைத் திருவிழா அன்று என் வீட்டு வாசலுக்கு மேளம் வருவது நின்றுவிடக் கூடாது என்பதற்காக!

சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு காலத்தில் வந்திருக்கும்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசலுக்கு நடுவே இருக்கிறது. அம்மன் கோயிலுக்கு என் தகப்பனாருக்குப் பிறகு நான் தர்மகர்த்தா. கொடையன்று காலையில் நாதஸ்வரக்காரர்கள் முதலில் என் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் நின்று வாசிப்பார்கள். பூசாரி என் தலையில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு தெருவழியே கோயிலுக்கு அழைத்துப்போவார். அதற்குப் பிறகுதான் அம்மனுக்கே முதல் தீபாராதனை. அந்தத் தெருவில் அன்று நடக்கிறவனுக்குக் கால் தரையில் படாது ஐயா... நான் நடந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கோயிலுக்கு நிலபுலம் கிடையாது. மகமைதான் வரும்படி. பருத்தியும் மிளகாய் வத்தலும் கோவில்பட்டி கமிஷன் கடையில் எடை போட்டதும், அம்மனுக்கென்று ஒரு பங்கைக் கடைக்காரரே பிடித்துவைத்துக் கொடுத்துவிடுவார். அது எழுபதுகளின் பிற்பகுதி. வருடத்துக்கு வருடம் மழை ஏமாற்றியது. நிலம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பருத்தியே இல்லாதபோது மகமை எங்கிருந்து வரும்? பாதி வீடுகளில் ஆட்கள் தீப்பெட்டி ஆபீசுக்கும், புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்கும் போய்விட்டார்கள். வெளியூரிலிருந்து கொடைக்கு வரி அனுப்புகிறவர்களும் மெல்ல மெல்ல நிறுத்தினார்கள்.

இப்போது பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே புருஷனை இழந்தவள். ஒரே மகளைப் பசுவந்தனையில் கட்டிக்கொடுத்திருந்தாள். மருமகன் நாக்கில் நரம்பில்லாதவன். கல்யாணம் முடிந்த கையோடு, மாமியாருக்கும் சேர்த்து நான்தான் உழைக்க வேண்டுமா என்று பந்தியில் வைத்தே கேட்டவன்.

"என் கட்டை வேகுற வரைக்கும் அவன் வீட்டுச் சோறு என் வாயில படாது" என்று அன்றைக்கே ஊரறியச் சொல்லிவிட்டு வந்தாள்.

கோயிலைப் பெருக்குவது, தண்ணீர் இறைப்பது, விளக்குத் துலக்குவது எல்லாம் அவள்தான். சம்பளம் என்று எதுவும் கிடையாது. உச்சிவேளைக்கு அம்மனுக்கு இரண்டு படி அரிசி பொங்கிப் படைப்பார்கள். படைத்து எடுத்ததும் பூசாரிக்குப் பாதி, பேச்சியம்மாளுக்குப் பாதி. மத்தியானம் தின்றது போக மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால், அதுதான் அவளுக்கு ராத்திரியும் மறுநாள் காலையும். கணக்கில் அது சாமி சோறு. அந்தச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

கமிட்டி கூடியது. பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தவர்தான் பொருளாளர். ஒளிவுமறைவில்லாத மனிதர். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இந்த வருசம் மேளத்த நிறுத்திப்போடுவோம். அண்ணாச்சி வீட்டுல இருந்து கோயிலுக்கு எட்டுற தூரந்தான. சும்மா நடந்து வந்துட்டா என்ன?"

சும்மா நடந்து வருவதாம்! எனக்குக் காது இரண்டும் கொதித்தது. என் தகப்பனார் நடந்த தெருவில் நான் துக்கம் கேட்கப் போகிறவன் மாதிரி மேளமில்லாமல் நடப்பதா? ஊர் என்ன சொல்லும்? வீட்டில் என்ன சொல்வார்கள்? இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் மனதில் ஓடியது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அது ஒரு நாள் செலவு. தினப்படிச் செலவப் பாருங்க. சாமிக்கு எதுக்குவே ரெண்டு படிச் சோறு? சாமியா திங்குது? ஒரு கரண்டி போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். பகுத்தறிவோடு பேசிவிட்டேன் என்றுகூட ஒருவர் சொன்னார். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் உண்டு, மகன் ரயில்வேயில் இருந்தான். அவருடைய பங்கு போனதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் வெற்றிலை மடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பேச்சியம்மாளிடம் அவர்தான் சொன்னார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மனுக்கே வயித்தச் சுருக்கிட்டாவளா! பாவம், அவளும் என்ன செய்வா..." என்றாளாம். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு கரண்டியையும் பூசாரி அவளுக்கே கொடுத்தார். ஒரு கரண்டி எத்தனை வேளைக்கு வரும்? அவள் முன்போலவே பெருக்கினாள், தண்ணீர் இறைத்தாள். கழுத்தெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நல்லவனாகவும் இருக்க வேண்டுமே எனக்கு! தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் போட்டு நானே கொண்டுபோனேன்.

அவள் சட்டியைத் தொடவில்லை.

"இது எந்த வேலைக்குக் கூலி அண்ணாச்சி?"

"கூலி இல்ல பேச்சி. சும்மா சாப்பிடு."

"சும்மா திங்கதுன்னா நான் மருமவன் வீட்டுலயே தின்னுருப்பேனே. அம்மன் சோறுன்னா, பெருக்குனேன், தந்தா. நீங்க கொண்டு போங்க. கோவிச்சுக்கிடாதிய."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், சோற்றை நிறுத்தியது அம்மன் இல்லை, நான் என்று. மேளத்தை விட்டுவிடுகிறேன், உன் பங்கை வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா? சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கொடை வந்தது. மேளமும் வந்தது. பரிவட்டத்தோடு வெளியே இறங்கினால், என் வாசலிலிருந்து கோயில்வரை தெரு முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அவள்தான். சுவரோரமாக விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்று என்னைக் கும்பிட்டாள். ஈர மண் காலில் குளிர்ச்சியாகப் பட்டது. நான் நடந்தேன்... தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

கொடை முடிந்த வாரம் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். மகள் வந்து பசுவந்தனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எந்த வீட்டுச் சோற்றைத் தின்னமாட்டேன் என்றாளோ, அதே வீட்டுக்கு!

அடுத்தடுத்த வருடங்களில் மழை பெய்தது. பருத்தி வெடித்தது. மகமையும் ஒழுங்காக வர ஆரம்பித்தது. கமிட்டியில் முதல் ஆளாக எழுந்து, மறுபடியும் இரண்டு படி பொங்க வேண்டும் என்றேன். எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சலோடு பஸ் ஏறிப் பசுவந்தனைக்குப் போனேன், அவளைக் கூட்டிவர.

தொழுவத்துப் பக்கம் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டாள். மகள் எனக்குக் காப்பி கொண்டுவருமுன் புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் பேச்சியம்மாள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ரெண்டு படி பொங்குதோம் பேச்சி. வந்துரு."

"அம்மனுக்கு வயிறு நெறஞ்சுட்டா? அது போதும். எனக்கு இனிமே குனிஞ்சு பெருக்க ஏலாது அண்ணாச்சி. பெருக்காமத் தின்னா அது உடம்புல ஒட்டாது."

கொஞ்ச நேரம் வத்தலைக் கிள்ளினாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"இந்த மருமவன் ஒருநாள் சொல்லுதான், ஒனக்குச் சோத்த நிறுத்துனவனுவ மேளத்த மட்டும் நிறுத்தலயேன்னு. நான் விடல. ஏலே, அது அண்ணாச்சி கைக்காசுல வச்ச மேளம், கோயில் காசுன்னா அவிய மொதல்ல அதத்தான் நிறுத்தியிருப்பாவன்னு சொன்னேன். சரிதான அண்ணாச்சி?"

மருமகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவன் சிரிப்பான். ஊரெல்லாம் சொல்வான்...

"ஆமா பேச்சி" என்றேன்.

"நான் சொன்னம்லா!" என்று அவன் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான் இருக்கும்.

அதே வருடம் ஐப்பசியில் செத்துப்போனாள். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுதான் செத்தாள்.

உங்களிடம் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. சொல்ல வேண்டியவள் நீங்கள் இல்லையே.

போன மாதம் கொடை. வாசலில் மேளம் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் வெளியே வந்தேன். இப்போதிருக்கிற பூசாரி பரிவட்டத்தை நீட்டினார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.