பதினொரு தடவை முடித்தவள்

வலது கட்டைவிரல் மட்டும் அசைகிறது. கண் டிவியில். கன்னத்துக்குள் ஒரு கிராம்பு. கையில், அப்போதுதான் திருகாணி போட்டு மூடிய கேம் கன்ட்ரோலர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அதன் சொந்தக்காரர் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்.

"ரெடிதானேக்கா? குடுத்துடுங்களேன்."

"இரு நைனா. டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன்ல."

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்தில், பீர் முஹம்மதுவின் கடையில், பதினான்கு வருஷமாக தேவானை கன்ட்ரோலர் ரிப்பேர் பார்க்கிறாள். மற்ற கடைகளில் இரண்டு நிமிஷம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இவள் கேமில் ஒரு ஸ்டேஜாவது ஆடி முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். "ரெண்டு நிமிசத்துல எல்லாம் நல்லாத்தான் கீற மாதிரி நடிக்கும். அரமணி ஆடு, அப்பால தெரியும் அதோட லட்சணம்" என்பது அவள் கட்சி. பீர் முஹம்மது முதலில் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார். அவள் கைபட்ட சாமான் புகாரோடு திரும்பி வருவதில்லை என்று கண்ட பிறகு, கடை டிவியைப் பெரிதாக மாற்றிவிட்டார்.

இப்படி டெஸ்ட் பண்ணிப் பண்ணியே அவள் முடித்த கேம்கள் முப்பதுக்கு மேல் இருக்கும். வயது நாற்பத்து நான்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. இங்கிலீஷ் தெரியாது. திரையில் எழுத்து ஓடினால் ஆட்டத்தை நிறுத்தி, போன் கேமராவை அதன் மேல் பிடித்து, அது காட்டுகிற கோணல் தமிழைப் படித்து, தனக்குத் தகுந்தபடி நிமிர்த்திக்கொள்வாள்.

கேமை வைத்து எடுத்த படம் எது வந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே பார்த்தாக வேண்டும். அன்று சந்தில் கடைகளுக்கு விடுமுறை. பெரும்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். துணைக்குப் பக்கத்துக் கடையில் போன் உறை விற்கும் தபஸ்ஸும். தபஸ்ஸுமுக்கு கேம் ஆடத் தெரியாது. தேவானை திட்டுவதைக் கேட்கத்தான் போகிறாள். அது படத்தைவிட நன்றாக இருக்கும் என்பாள்.

"அந்தக் கதவுக்கு நானு ரெண்டு நாளா சாவி தேடினேன் தபஸு. இவன் ஒரே உதையில தொறந்துட்டான். பின்ன இன்னாத்துக்கு அது கதவு?"

இன்னொரு படத்தின் நாயகனைப் பற்றி: "கேம்ல நூறு வாட்டி செத்துப் பொழச்சவன். அவன் மூஞ்சியா இது? இப்பத்தான் பவுடர் போட்டுக்கினு வந்தாப்ல கீது."

ஒரே ஒரு கேமைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கும். வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் லேனா என்கிற பெண் தன் தம்பியைத் தேடிப் போகும் கதை. கடைசியில் தம்பி தண்ணீரில் தொங்குவான். ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் அவன் கை லேனாவின் பிடியில் இருக்கும். ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் பிடி நழுவும். அந்த கேம் வந்த வருஷம், அந்த ஒரு பட்டன் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட கன்ட்ரோலர்கள் கடைக்கு வரிசையாக வந்தன. கொண்டுவந்த யாரையும் எப்படி உடைந்தது என்று தேவானை கேட்கவில்லை. அவளே அதைப் பதினொரு தடவை முடித்திருக்கிறாள். பதினொரு தடவையும் நகம் வெளுக்கும் வரை அழுத்தியிருக்கிறாள்.

போன மாதம் அது படமாக வந்தது. தமிழிலும் வருகிறது என்றதும் சந்து முழுவதையும் கிளப்பிவிட்டாள். "கேம் படமா? மொக்கயா இருக்கும்" என்றார்கள். "வந்து பாருங்க. நல்லா இல்லன்னா என்னக் கேளுங்க" என்றாள். பன்னிரண்டு பேர் வந்தார்கள். பீர் முஹம்மதுவும் வந்தார். அவர் தியேட்டருக்கு வந்து எட்டு வருஷமாகிறதாம்.

படம் தொடங்கியது. லேனா வாயைத் திறந்தாள். இங்கிலீஷ்! கீழே எழுத்தும் இல்லை. விசில் பறந்தது. ஓடி வந்த ஊழியர், தமிழ்ப் பிரதி திறக்க மாட்டேன் என்கிறது, இருந்து பார்ப்பவர்கள் பார்க்கலாம், போகிறவர்கள் வெளியே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கைகூப்பினார். பீர் முஹம்மது செருப்பைத் துழாவினார். அவர்கள் வரிசையே எழுந்தது.

"எங்க பாய் போறீங்க? உக்காருங்க" என்றாள் தேவானை. "நான் சொல்றேன்."

சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தன் வரிசைக்கு மட்டும். "தம்பி ஸ்கூல்ல மாட்டிக்கினான். ரோட்டுல தண்ணி ஏறிக்கினே போவுது. படகுக்காரன் வரமாட்டேன்றான், இவ கெஞ்சறா."

"ஏம்மா, சும்மா உக்காரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உனுக்கு இங்கிலீசு தெரியும்னா நீ பாரு சார். இவங்களுக்குத் தெரியாது, நான் சொல்றேன்."

கால் மணி நேரம் போயிருக்கும். அதே குரல் மறுபடி வந்தது: "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

தேவானை எழுந்து நின்றாள். முழுத் தியேட்டருக்கும் சொன்னாள். லேனாவுக்கு ஒரு குரல், படகுக்காரனுக்குக் கட்டைக் குரல். நடுவில் கோட்டுப் போட்ட ஒருவன் வந்து நீளமாகப் பேசினான். தேவானை நிறுத்தினாள்.

"இந்த ஆளு கேம்லயே கெடயாது. இவனா சேத்துக்கினானுங்க. இன்னா சொல்றான்னு எனக்குத் தெரியாது. மூஞ்சியப் பாத்தா நல்லவனாத் தோணல."

அரங்கமே சிரித்தது. பத்து நிமிஷத்தில் அந்தக் கோட்டுக்காரன் படகைத் திருடிக்கொண்டு ஓடியபோது கைதட்டியது. கைதட்டல் படத்துக்கு இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. உடைந்த பாலம், தண்ணீரில் தம்பி, மேலிருந்து நீண்ட லேனாவின் கை. தேவானை முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப கை நழுவிடும். அவ இன்னா பண்ணாலும் நழுவிடும். பாத்துக்கோங்க" என்று முன்கூட்டியே சொல்லி எல்லோரையும் தயார்ப்படுத்தினாள்.

நழுவவில்லை. லேனா பல்லைக் கடித்து இழுத்தாள். தம்பியின் தலை மேலே வந்தது, தோள் வந்தது, ஆளே வந்தான். ஈரத்தோடு அவனைக் கட்டிக்கொண்டு அவன் காதருகே ஏதோ சொன்னாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

"இன்னாக்கா சொன்னா? சொல்லுக்கா!" என்று தபஸ்ஸும் அவள் முந்தானையை இழுத்தாள். பின்வரிசைகளும் கேட்டன. கேமை மாற்றியவர்களை இத்தனை வருஷமாகத் திட்டி வந்த தேவானை திட்டவில்லை. வலது கட்டைவிரல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. கன்னம் முழுக்க ஈரம்.

விளக்கு எரிந்தது. "ஷோக்கா சொன்னீங்கம்மா" என்று முன்பின் தெரியாதவர்கள் சொல்லிக்கொண்டு போனார்கள். பீர் முஹம்மது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவானை எதையும் காதில் வாங்கவில்லை. முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தியிடம் நேராகப் போனாள்.

"உனக்கு இங்கிலீசு புரியும்தானேம்மா? கடைசில அவ தம்பி காதுல இன்னா சொன்னா?"

"அதுவா ஆன்ட்டி? 'ஒரு ஷூ எங்க போச்சு'ன்னு கேக்கறா."

தேவானை வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் கூட்டத்தில் பாதி அதற்குள் படிக்கட்டு இறங்கிவிட்டது. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கைப்பிடிக் கம்பியில் வயிற்றை அழுத்தி எட்டிக் குனிந்து, கம்மிப்போன குரலை எல்லாம் திரட்டிக் கீழே பார்த்துக் கத்தினாள்.

"நில்லுங்க! 'இன்னொரு செருப்ப எங்கடா தொலச்சே'ன்னு கேக்கறா!"