ரவுண்டானாவில் அம்மாவின் முகம்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து என் கூட்டாளி போன் செய்தான். மகபூப்பாளையத்து முஸ்லிம் அவன்; பழங்காநத்தத்தில் நானும் அவனும் சேர்ந்து மருந்துக்கடை நடத்துகிறோம்.

“மாப்ள, சோத்தை அப்படியே வச்சுட்டு வா. ரவுண்டானாவுல அம்மா போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காய்ங்க.”

“எந்த அம்மா?”

“உங்க அம்மாடா.”

என் அம்மா அடுக்களையில் மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை ஓய்வுநாள் என்பதால் அவர் அடுப்பு பற்ற வைப்பதில்லை, வண்டி ஏறுவதில்லை. கொச்சியில் பிறந்த யூதப் பெண் அவர். உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ரயில்வே வேலைக்குப் போன என் அப்பாவைக் கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவர். அதற்காக அவர் வீட்டில் வெகுநாள் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு அந்த வீட்டார் எல்லாருமே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று அங்கே மிஞ்சியிருக்கும் ஒரே உறவு அம்மாவின் தங்கை.

தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர் என்பது எங்கள் வழக்கம். அதனால் நானும் யூதன். பள்ளியில் சொன்னபோது ஒருவன், “யூதாஸா? காட்டிக்கொடுத்தவனா?” என்று கேட்டான். அதற்குப் பிறகு நான் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் முக்காடு போட்டு எண்ணெய் விளக்கு ஏற்றுவதைப் பார்த்தவர்கள், இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஏற்றுவதுதானே என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கென்று கோயில் இங்கே கிடையாது. சில பிரார்த்தனைகளுக்குப் பத்து யூத ஆண்கள் கூட வேண்டும். மதுரையில் நான் ஒருவன்தான்.

காஸாவில் போர் தொடங்கிய பிறகுதான் எங்கள் அடையாளம் மற்றவர்களுக்கு முக்கியமாகிவிட்டது.

ரவுண்டானாவுக்குப் போய்ப் பார்த்தேன். விளக்கேற்றும் அம்மாவின் முகம் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. அவர் தலைக்குப் பின்னால் போர் விமானங்கள் பறந்தன. கீழே, ‘யூதத் தாயே, மதுரை உன்னோடு!’ என்று எழுதி, சுற்றிலும் கும்பிட்டபடி பலருடைய முகங்கள். அவற்றில் ஒன்று எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் அண்ணனுடையது. அதற்கு முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, “அம்மா, அழகா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்” என்று கேட்டு எடுத்த படம் அது. அம்மாவும் சிரித்துக்கொண்டே நின்றார்.

அந்த அண்ணனை எனக்கு வெறுக்கத் தெரியவில்லை. அப்பாவுக்குக் கடைசியாக நெஞ்சுவலி வந்த அன்று மாடிப்படியில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான்.

கூட்டாளி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே நின்றிருந்தான்.

“அம்மாட்ட கேட்டுட்டா வச்சாய்ங்க?”

“இல்லடா. சத்தியமா இல்ல.”

“நீ சொன்னா நான் நம்புறேன். எங்க அண்ணன் நம்ப மாட்டான். போட்டோ மகபூப்பாளையம் பூரா சுத்துது. ‘இந்த யஹூதி கூடவாடா நீ யாவாரம் பண்றே’ன்னு காலைல இருந்து நாலு பேர் கேட்டாச்சு.”

யூதன் என்று பொருள்படும் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன். அடுத்தவர் சொன்னதைத்தான் சொன்னான். இருந்தாலும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரவுண்டானாவின் மறுபக்கம் இளவட்டங்கள் பைக்குகளை நிறுத்திவிட்டுக் கூட ஆரம்பித்திருந்தார்கள். ஃப்ளெக்ஸைக் கிழிக்கப் போவதாகப் பேச்சு. இந்தப் பக்கம் எங்கள் தெரு அண்ணனுடைய ஆட்கள், கிழித்துப் பார்க்கட்டும் என்று நின்றார்கள். நான் அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, கழட்டிருங்கண்ணே.”

“என்ன தம்பி இப்படிச் சொல்றே? உங்க சனத்துக்காகத்தான பண்றோம். அம்மாவுக்குச் சாயந்தரம் பொன்னாடை போடப்போறோம். கட்சி மேலிடத்துல இருந்து ஆள் வாராங்க.”

“அம்மாவுக்கே தெரியாதேண்ணே.”

“தெரிஞ்சா சந்தோசப்படுவாங்க, விடு.”

அதற்குமேல் அவர் என்னைப் பேச விடவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். படத்தைப் போனில் காட்டினேன். விமானங்களின் மேல் விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதை என் தலைக்கு மேல யாரு வரைஞ்சது?” என்றார். பிறகு, “ஆட்டோ கூப்பிடு. விளக்கேத்துறதுக்குள்ள திரும்பணும்.”

போக வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சேலையை மாற்றிக்கொண்டு அவரே வாசலில் இறங்கி நின்றுவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு எஸ்.ஐ. இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எல்லாரும் ஃப்ளெக்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேலே அந்த முகம், கீழே அதே முகம். அண்ணன் ஓடி வந்து கும்பிட்டார். அவருடைய ஆட்களில் ஒருவன் அம்மாவை வாழ்த்திக் கோஷம் போட்டான்.

“கத்தாதய்யா,” என்றார் அம்மா. “என்னைக் கேட்டியா நீ?”

அண்ணன் முகம் சிறுத்தது. “அம்மா, உங்க தங்கச்சி அங்க கஷ்டப்படுறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க...”

“சொன்னேன். சைரன் அடிச்சா அவ பதுங்குற ரூமுக்கு ஓடுறா. முழங்கால் வலியோட ஓடுறா. நான் இங்க ஒறங்காமக் கெடக்கேன். அங்கிட்டு செத்துக் கெடக்குற பிள்ளைகளையும் டிவில பாத்துட்டுதான் கெடக்கேன். என் மூஞ்சிய வச்சு யாரும் சாவுக்குக் கை தட்டக் கூடாது. கழட்டு.”

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பையன் போனை நீட்டிக்கொண்டு வேகமாக வந்தான். “பாட்டி, இதையே உங்க நாட்டைக் கண்டிச்சு வீடியோவுல சொல்லுங்க. அப்பத்தான் நம்புவோம்.”

“எது எந்நாடு? நான் ரேசன் அரிசி வாங்குறது பழங்காநத்தத்துல.”

யாரோ சிரித்தார்கள். அந்தப் பையன் சிரிக்கவில்லை. “அப்ப நீங்க எந்தப் பக்கம்?” என்று இன்னும் நெருங்கினான். என் கூட்டாளி எங்கிருந்தோ வந்து அவன் போனைக் கையால் மறைத்தான். “தம்பி, போனை இறக்கு. இது எங்க அம்மா மாதிரி.” அந்தப் பையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். தாடியைப் பார்த்திருப்பான். “நீயெல்லாம் ஒரு ஆளா?” என்று காறித் துப்பிவிட்டுப் போனான். எச்சில் என் கூட்டாளியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

எஸ்.ஐ. அம்மாவிடம், “அனுமதி இல்லாம என் படத்தை வச்சாங்கன்னு ஒரு புகார் எழுதிக் குடுங்கம்மா. இப்பவே இறக்கிடுறேன்,” என்றார்.

“எழுத மாட்டேன். எங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு ஓடுனவன் இவன். இவன் மேல கேசு வேணாம். இவனே கழட்டட்டும்.”

அண்ணன் அசையவில்லை. பின்னால் அவருடைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். இறக்கினால் அவருக்குத் தலைகுனிவு என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாவும் நகரவில்லை. பூக்கடைக்காரம்மா கொடுத்த ஸ்டூலிலும் உட்கார மறுத்துவிட்டார். பஸ்கள் ஹாரன் அடித்தபடி எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. வெயில் மஞ்சளாகி, பிறகு கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டது. நான் மெல்ல, “அம்மா, நேரம்” என்றேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

கடைசியில் அண்ணன் பக்கத்துக் கடையில் ஒரு பிளேடு வாங்கினார். ஏணியைப் போட்டு அவரே ஏறினார். ஃப்ளெக்ஸை அவிழ்க்கவில்லை. அம்மாவின் உருவத்தை மட்டும், விளக்கோடு சேர்த்து, சுற்றி அறுத்தெடுத்தார். கீழே இறங்கி அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். “போதுமா தம்பி?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டோ வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. இருவரும் நடந்தே வந்தோம். வீட்டில் அவர் திரியிட்டுத் தயாராக வைத்திருந்த விளக்கு அப்படியே இருந்தது. நேரம் கடந்த பின் ஏற்றக் கூடாது. கல்யாணமாகி வந்த பிறகு அவர் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. விளக்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “வா, சோறு ஆறிப்போச்சு” என்றார்.

மறுநாள் இருட்டிய பிறகு அவருடைய தங்கை போன் செய்தார். யாரோ எடுத்த வீடியோ அங்கேயும் போயிருந்தது. சித்தி மலையாளத்தில் கத்தியது எனக்கு அடுத்த அறையில் கேட்டது. உலகமே எங்களைக் கைவிட்டிருக்கும்போது எங்கோ நாலு பேர் ஆதரவு சொன்னார்கள், அதையும் நீ பிளேடு வைத்து அறுக்கச் சொல்லியிருக்கிறாய், ஒருமுறை எங்களை விட்டுப் போனவள்தானே நீ என்றார். அம்மா, “இப்ப நீ எங்க இருக்கே? சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். மறுமுனை துண்டிக்கப்பட்டது. பிறகு பல வாரங்கள் போன் வரவில்லை. சைரன் செய்தி வரும்போதெல்லாம் அம்மா கூப்பிட்டுப் பார்ப்பார். மணி அடித்து நிற்கும். ஆள் உயிரோடுதான் இருக்கிறாள், கோபத்தில்தான் எடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஓட்டை விழுந்த அந்த ஃப்ளெக்ஸ் ஒரு வாரம் தொங்கியது. பிறகு மாநகராட்சி ஆட்கள் எடுத்துப் போனார்கள்.

எங்கள் தெரு அண்ணன் இப்போது வேறு கடையில் மருந்து வாங்குகிறார். என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பார். மகபூப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கூட்டாளி கடையை விட்டுப் போகவில்லை. ஆனால் நாங்கள் டிவி செய்தி வைப்பதை நிறுத்திவிட்டோம். போரைப் பற்றி அவனுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்று இருவருக்கும் தெரியும்.

போன வாரம், எங்களை நம்ப மாட்டார் என்று கூட்டாளி சொன்ன அவனுடைய அண்ணன் கடைக்கு வந்தார். பிரஷர் மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியில் இறங்கியவர் நின்றார்.

“அம்மா எப்படி இருக்காக?”

“இருக்காங்கண்ணே.”

“ம்,” என்றார். இன்னும் ஏதோ கேட்கப் போவதுபோல் நின்றார். அதற்குள் அடுத்த ஆள் மருந்துச் சீட்டை நீட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் வண்டியைக் கிளப்பியிருந்தார்.