முரண்டு பிடித்த டிரிம் சக்கரம்

தீபாவளிக்குள் தனியாக விமானம் ஓட்டிக் காட்டாவிட்டால் பேசாமல் பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி அது. மல்லேஸ்வரத்தில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பேங்கில்தான் இருந்தார்கள். நான் மட்டும் பெல்லாரி ரோட்டுப் பக்கம் ஒரு பயிற்சிக் கழகத்தில், என்னைவிட வயதான இரண்டு சீட் விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விமானத்தில் இரண்டு சீட்டுக்கும் நடுவே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. டிரிம் என்பார்கள். விமானத்தின் மூக்கு மேலே போகப் பார்த்தாலும் கீழே கவிழப் பார்த்தாலும் இதைக் கொஞ்சம் உருட்டினால் போதும், சொன்ன பேச்சைக் கேட்கும். கைக்குப் பாரம் இருக்காது. ஆயுத பூஜை முடிந்து போய்ப் பார்த்தால், சக்கரம் உருளவே மாட்டேன் என்கிறது. மேலே போனதும் மூக்கு கோழி மாதிரி கொத்த ஆரம்பித்தது. ஓட்டும் பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன்.

“ஏனம்மா, ஊட்டா ஆகில்வா?” என்றார் பக்கத்தில் இருந்த வாத்தியார். ஏர்ஃபோர்ஸில் ரிடையர் ஆன கன்னடக்காரர். நான் சாப்பிடவில்லையா என்று கேட்கிறாராம்! நாலு இட்லி தின்றுவிட்டு வந்திருந்தேன். சக்கரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், என் கையில் பலமில்லை, இன்னும் மூன்று மாதம் பழக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்குப் பேங்க் கவுன்ட்டர் கண்ணில் தெரிந்தது.

இறங்கியதும் நேராக மெக்கானிக்கிடம் போனேன். நீலசந்திராப் பக்கத்துத் தமிழர். எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

“குளிரு மேடம். கிரீஸ் இறுகிப் போச்சு. வெயில்ல நிறுத்துனா சரியாயிடும்.”

வெயிலில் நிறுத்தினோம். நாங்கள்தான் வெந்தோம். அடுத்து, சக்கரத்திலிருந்து கேபிள் போய்ச் சேரும் வால் பக்கம் கீலில் துரு என்று எண்ணெய் விட்டார். பிறகு, கேபிள் டைட் ஜாஸ்தி என்றார். நான் கத்திய பிறகுதான் கேபிளைச் சக்கரத்திலிருந்து பிரித்துப் பார்த்தார். வால் பக்கம் போகும் கேபிள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரம் மட்டும் அசையவில்லை.

“அப்போ கோளாறு இங்கதான்” என்றார், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் மாதிரி.

மூடியைக் கழற்றினார். உள்ளே சங்கிலிப் பல்லிடுக்கெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுவே ஒரு செவ்வந்தி இதழ். சுரண்டி மோந்து பார்த்தார்.

“ஒரிஜினல் சந்தனம் மேடம். பவுடர் இல்ல, கல்லுல அரைச்சது.”

கல்லில் சந்தனம் அரைக்கிற ஆள் கழகத்து ஆயுத பூஜைக்கு ஒருத்திதான் வந்திருந்தாள். என் அம்மா. சக்கரம் என்று எது கண்ணில் பட்டாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். வீட்டில் தையல் மெஷின், கிரைண்டர், தம்பியின் ஸ்கேட்டிங் ஷூகூடத் தப்பியதில்லை. கழகத்தில் மற்றவர்கள் டயருக்குச் சந்தனம் தடவி எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளே எட்டிப் பார்த்து, “இது என்னடி?” என்று கேட்டாள். மேலே போவதும் கீழே வருவதும் இதில்தான் இருக்கிறது என்று பெருமையாக அளந்துவிட்டு நான் சுண்டல் வாங்கப் போய்விட்டேன். கிண்ணத்தில் இருந்த மிச்சம் முழுவதையும் அதற்கே அபிஷேகம் செய்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் சுத்தம் செய்து, புது கிரீஸ் போட்டு மாட்டினார்கள். வாத்தியார் ஒற்றை விரலால் உருட்டிப் பார்த்து, “ஊட்டா ஆயித்து” என்றார், விமானத்தைப் பார்த்து. அது சாப்பிட்டாயிற்றாம். என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கிடையாது. ஆனால் மறுவாரமே, நாளைக்குத் தனியாகப் போ என்று சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினேன். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் வழக்கைத் தொடுத்தேன்.

“உன் சந்தனத்தால நான் பேங்குக்கே போயிருப்பேம்மா!”

பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தவள் கொஞ்சமும் அசரவில்லை. “நான் வேண்டிக்கிட்டதே அதுதானே. இவ தரையிலயே இருக்கணும்னு. சாமி கேட்டார். உங்க மெக்கானிக்தான் கெடுத்துட்டான்.”

அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்கினார். சண்டை போட வந்த எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“தனியா மேல இருந்தியே, பயமா இருந்துதா?”

“இல்லவே இல்ல.”

“எனக்கு இருந்துது” என்று சொல்லிவிட்டு, அடுத்த பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள்.